எந்த மாசத்து மட்டி?

எதைச் சொன்னாலும் எங்கள் லேப் மேடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த மாசம்?"

பலாப்பழம் சப்பென்று இருந்தது என்றால், எந்த மாசம் வாங்கினீங்க என்பார். பக்கத்து வீட்டுப் புது மருமகள் யாரோடும் பேசுவதில்லை என்றால், வந்து எத்தனை மாசம் ஆச்சு என்பார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, என் வீட்டுக்காரர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், இனி அவரோடு காலம் தள்ள முடியாது என்று நான் கண்ணைக் கசக்கினேன். மேடம் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "எந்த மாசத்துலேர்ந்துங்க?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். நிலக்கரி மைன்ஸில் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாற்றிப் போட்ட மாதத்திலிருந்து. அதைச் சொன்னதும், "அப்ப ஆளு கெட்டுப்போகலைங்க, ஷிப்ட்டுதான் கெட்டுப்போச்சு. ஒரு மாசத்த வச்சு மனுசன எடைபோடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

மந்தாரக்குப்பம் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். தனியார் கூடம். அவர் அங்கே லேப் டெக்னீஷியன், நான் கம்ப்யூட்டரில் அறிக்கை அடிப்பவள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆட்களை வேலையைச் சொல்லிக் கூப்பிடுவது அவர் பழக்கம், அதனால் நான் அவருக்கு 'டைப்பு'. அவர் எனக்கு மேடம். விலங்கியலில் முதுகலை முடித்தவர். அப்பா மைன்ஸ் டவுன்ஷிப்பில் பர்மனென்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு வாய்த்தது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற காண்ட்ராக்ட். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது வேறோர் ஊரில் வேறொரு கூடத்தில் இருக்கிறார், அந்த வேலையும் என்னால் போக வேண்டாம். ஒரு தடவை போனது போதும்.

அவருடைய மாசக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்றால், மட்டியிலிருந்து வந்தது. ஏரிச் சேற்றில் பாதி புதைந்து கிடக்குமே, இரண்டு ஓடு மூடிய கறுப்புச் சிப்பி, அதைத்தான் எங்கள் பக்கம் மட்டி என்போம். வெந்நீரில் போட்டால் வாய் திறக்கும். உள்ளே இருப்பதைக் குழம்பு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டு அவர் மட்டிகளை அறுத்து, அரைத்து, அதில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். மருந்து விட்டால் கண்ணாடிக் குழாயில் நீலம் ஏறும். புரதம் நிறைய இருந்தால் நல்ல அழுத்தமான நீலம். இல்லையென்றால் வெளிறிப்போகும்.

"தண்ணியத்தான் பாட்டில்ல பிடிச்சு டெஸ்ட் பண்றோமே, இது எதுக்குங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாட்டிலு அன்னிக்கு ஒரு நாளத்தான் சொல்லும் டைப்பு. இது நகர முடியாம அதே சேத்துல கெடக்குது. மாசக்கணக்கா குடிச்சதெல்லாம் ஒடம்புல இருக்கும். தண்ணியில விஷம் ஏறினா, உசுரு பொழைக்கறதுக்காகத் தன் புரதத்தையே எரிச்சுக்கும்."

"அப்ப நீலம் வெளிறினா விஷம்னு வச்சுக்கலாமா?"

"எந்த மாசம்னு கேளுங்க. குஞ்சு விடற மாசத்துல நல்ல தண்ணியிலயும் கொறையும். அதனால நல்ல கொளத்து மட்டியையும் அதே மாசம் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாக்கணும். அப்பத்தான் நியாயம்."

அந்த நியாயத்தை அவர் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. வடக்குத்துப் பக்கம் ஒரு கோயில் குளம் அவருடைய நல்ல குளம். முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஏரி, அவர் சந்தேகப்பட்ட ஏரி. இரண்டு வருடம், ஒவ்வொரு பருவத்திலும், ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் மட்டி எடுத்தார். ஸ்கூட்டியின் முன்பக்கம் இரண்டு வாளி. கோயில் குளத்துக்குப் பச்சை, ஏரிக்குச் சிவப்பு.

எங்கள் முதலாளி மேடத்தை விட்டுவைத்திருந்ததற்குக் காரணம், அது விளையாட்டு என்று அவர் நினைத்ததுதான். "மட்டிய அறுக்கற மட்டி" என்று மேடத்தின் காதுபடவே சொல்லிச் சிரிப்பார். முட்டாளையும் மட்டி என்றுதானே சொல்கிறோம். நாங்களும் சிரித்தோம், நானும்தான். மேடம் ஒரே ஒரு தடவை பதில் சொன்னார்: "சரிதாங்க சார். ஒரே எடத்துல கெடந்துகிட்டு வர்றதையெல்லாம் உள்ள வாங்குதுல்ல, அது மட்டிதான்." முதலாளிக்கு அது தன்னைப் பற்றியதா, மேடத்தைப் பற்றியதா, காண்ட்ராக்டில் கிடக்கிற எங்கள் எல்லாரையும் பற்றியதா என்று விளங்கவில்லை.

அந்த ஏரிக்கரையில் ஒரு காலனி. கரைக்கு மேலே, மதில் கட்டிய ஒரு கம்பெனி. பழைய கெமிக்கல் டிரம்களை வாங்கிக் கழுவி விற்கிற கம்பெனி. கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஏரிக்கு வந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது குழாய் இருப்பதே தெரியாது. சித்திரையில் ஏரி ஒரு குட்டையாகச் சுருங்கும். அப்போது ஏரிக்கு வருவது அந்தக் கம்பெனிக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

காலனியில் அஞ்சலை என்று ஒரு பெண். வயல்வேலைக்குப் போகிறவர், மூன்று பிள்ளைகள். நான் மேடத்தோடு முதன்முதலாக ஏரிக்குப் போனபோது அஞ்சலை முழங்கால் சேற்றில் நின்று மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். மேடம் கரையில் நின்றபடியே, "இந்த மாசம் இதத் தின்னாதீங்கன்னு சொன்னேன்ல அஞ்சல?" என்றார்.

"சொன்னீங்க. ஐப்பசியில தின்னுன்னீங்க. ஐப்பசியில நடவு இருக்குது, கூலி வருது, நாங்க ஏன் சேத்துல எறங்கிகினு கெடக்கறம்? வேல இல்லாத மாசத்துலதான இதத் தேடி வர்றம்? தண்ணி வத்தனாதான கையில ஆப்புடுது?"

திரும்பி வரும் வழியில் மெயின் ரோட்டுக்கு வந்ததும் மேடம் வண்டியை நிறுத்தினார். "பாத்தீங்களா டைப்பு? எந்த மாசத்துல அது விஷமோ, அந்த மாசத்துலதான் அந்தப் புள்ளைங்களுக்கு அது சோறு." அன்று மாலை கண்ணாடிக் குழாய்களில் மருந்து விட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். கோயில் குளத்துக் குழாய் பள்ளிக்கூட இங்க் மாதிரி இருந்தது. ஏரி மட்டிக் குழாயில் துவைத்த சட்டை அலசின தண்ணீர் அளவுக்குத்தான் நீலம்.

இதை எழுதும்போது எனக்கு வருவது வருத்தம் அல்ல, ஆத்திரம். ஏனென்றால் அதே கம்பெனிக்குத் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்ததும் எங்கள் கூடம்தான், அதை அடித்ததும் இந்தக் கைதான். மேடம் நான்கு பருவத்துக்கும் தண்ணீர் எடுத்து நான்கு கட்டங்களில் எழுதிக் கொடுத்திருந்தார். முதலாளி பேனாவை எடுத்து நான்கையும் அடித்துவிட்டு, கூட்டி வகுத்து, ஒரே கட்டமாக்கினார். மேலே 'ஆண்டு சராசரி' என்று எழுதினார். மூன்று பருவத்து மழையும் பனியும் சேர்ந்து சித்திரையை மூழ்கடித்துவிட்டன. எல்லாம் வரம்புக்குள்.

"இத அடிக்காதீங்க டைப்பு" என்றார் மேடம்.

நான் அடித்தேன். எனக்கும் வருடாவருடம் புதுப்பிக்கிற வேலைதான்.

குழாயை அடைக்கச் சொல்லிக் காலனிக்காரர்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். ஆனியில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் வைகாசியில், ஆதாரம் ஏதும் இருந்தால் தாக்கல் செய்யலாம் என்று கடிதம் வந்தது. கொடுத்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் மேடம் தன் இரண்டு வருட நோட்டை அறிக்கையாக எழுதத் தீர்மானித்தார். கடைசி நாள் வந்துவிட்டது. அவர் காலனியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார், நான் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். எண்கள் நோட்டில் இருந்தன. வாசகத்தை அவர் போனில் வாய்ஸ் மெசேஜாக ஒவ்வொன்றாக அனுப்பினார், நான் கேட்டுக் கேட்டு அடித்தேன்.

முதல் மெசேஜிலேயே சொன்னார்: "டைப்பு, மட்டின்னு போடாதீங்க. ஆபீஸ்ல சிரிப்பாங்க. மஸல்னே போட்டுருங்க."

நான் தமிழில் அறிக்கை அடிப்பதில் கெட்டிக்காரி என்று எனக்கே ஓர் எண்ணம். அரசாங்கத்துக்குப் போகிற தமிழ் அறிக்கையில் இங்கிலீஷ் எதற்கு? மஸல் என்றால் எனக்குத் தெரிந்தது ஜிம்முக்குப் போகிற பையன்கள் காட்டுகிற மஸல்தான். மட்டியின் தசையைத்தானே அவர் அறுத்து அரைக்கிறார்? பொருத்தமாகத்தான் பட்டது. சிப்பிக்கும் இங்கிலீஷில் அதே ஓசையில் ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் மஸல் என்று சொன்ன இடத்திலெல்லாம் 'தசை' என்று அடித்தேன். மட்டி என்ற சொல் அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லாமல் போயிற்று. ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். நாலரைக்கு ஓடிவந்தவர், "நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக் கூடத்தில் ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், எங்கள் முதலாளி, அவர்களுடைய ஆலோசகர் ஒருவர். இன்னொரு பக்கம் காலனி ஜனம். அஞ்சலை கடைசிப் பையனை மடியில் வைத்திருந்தார். ஆலோசகர் மேடத்தின் அறிக்கையை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார்:

"கோடைக் காலத்தில் காலனி மக்கள் தசையை உண்டு வாழ்கின்றனர்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு கிளம்பியது. "யாரோட தசைங்க?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "அடுத்த வரியையும் படிங்க சார்" என்றார். ஏரியின் தசையில் சித்திரையில் புரதம் குறைகிறது என்று படித்தார்கள். விசாரணை அதிகாரியும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்த ஜனத்தை உட்காரவைத்து, அவர்கள் முகத்துக்கு எதிரே, அவர்கள் பசியைப் படித்துச் சிரித்தார்கள். காலனிப் பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க ஒடம்புலேர்ந்து யாரும் எதையும் எடுக்கலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே பார்வை. பிறகு எழுந்தார்.

"அது எழுத்துப் பிழைங்க. மட்டின்னு இருக்கணும்."

"மட்டிதான்" என்று எங்கள் முதலாளி மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

மேடத்தின் குரல் உயரவில்லை. "சார், நீங்க அந்த ஏரியப் பாத்தீங்களா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"பார்த்தேனே. நன்றாகத்தான் இருந்தது."

"எந்த மாசம்?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "கார்த்திகை."

"சித்திரைல ஒரு தடவ வாங்க சார்."

ஆலோசகர் குறுக்கிட்டார். ஆண்டு சராசரி வரம்புக்குள் இருக்கிறது, அதுவும் இந்த அம்மா வேலை பார்க்கிற கூடமே கொடுத்த சான்றிதழ் என்றார். நான் அடித்த இரண்டு தாளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"சராசரித் தண்ணிய யாரும் குடிக்கறதில்லைங்க" என்றார் மேடம். "சித்திரைல சித்திரைத் தண்ணியத்தான் குடிக்கறாங்க."

அஞ்சலையும் என்னவோ சொன்னார். நாங்க மட்டிதாங்க தின்றம், வேற எதத் திங்கறது என்பது மாதிரி. அதற்குள் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பத்து நாளில் உத்தரவு வந்தது. அறிக்கை பிழைகள் நிறைந்தது, மேலும் அதில் குறிப்பிடப்படும் பருவம் தற்போது முடிந்துவிட்டது, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. பருவம் முடிந்துவிட்டதாம். சித்திரை என்பது ஒருமுறை வந்து போய்விட்டால் இனி வராதா? இதை எழுதியவருக்கு அந்த ஒரு வரியாவது உறுத்தியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேடத்தின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாளில் தன் கண்ணாடிக் குழாய்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். "தசைன்னு போட்டது நான்தாங்க" என்று மட்டும் சொன்னேன், என்னமோ அது அவருக்குத் தெரியாத மாதிரி.

"எந்த மாசம் அடிச்சீங்க?" என்றார்.

"வைகாசி."

"அக்னி நட்சத்திரம். அந்த வெயில்ல எல்லாருக்கும் புரதம் கொறையும்ங்க" என்று சொல்லிக் குழாயைச் சுற்றுவதில் முனைந்தார். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

பிறகு பஸ் ஏறும்போது ஒன்று சொன்னார்: "மட்டின்னே போட்டிருக்கணும். சிரிப்பாங்களேன்னு பயந்தேன் பாருங்க, அதுதான் தப்பு. எப்படியும் சிரிச்சாங்க."

நானும் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். அறிக்கையை முழுக்கத் திருத்தி அடித்தேன். எல்லா இடத்திலும் மட்டி. காலனிக்காரர்கள் மறுபடி மனுக் கொடுத்தார்கள். நேரில் பார்வையிடுவதாகப் பதில் வந்தது. கடிதத்தைப் பிரித்ததும் நான் தேடியது மாதத்தைத்தான். நவம்பர். வந்தார்கள். ஏரி கரை தொட்டு நின்றது, கொக்குகள் நின்றன, கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீர் தெளிவாகக் காணப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். தெரிந்தே செய்கிறார்கள் என்று அன்று எனக்கு உறுதியாயிற்று. இளநீர் வெட்டிக் கொடுத்தது கம்பெனி.

சித்திரை பிறந்தது. அதிகாரி சித்திரையில் ஏரிக்கு வரமாட்டார் என்றால், சித்திரையை நாம் கொண்டுபோக வேண்டியதுதான் என்று அஞ்சலையிடம் சொன்னேன். மறுநாள் விடியலில் அவர் சேற்றில் இறங்கிப் பன்னிரண்டு மட்டி எடுத்து, அதே ஏரித் தண்ணீரோடு ஒரு சிவப்பு வாளியில் போட்டார். மேடம் விட்டுப்போன வாளி அது. பஸ்ஸில் எங்களைச் சுற்றி யாரும் உட்காரவில்லை.

அதே ஆபீஸில், தபால் வாங்குகிற மேசையில் நான் கடிதத்தை வைத்தேன். அஞ்சலை வாளியை வைத்தார்.

"இது என்னாம்மா?" என்றார் எழுத்தர்.

"இணைப்புங்க."

கடிதத்தின் அடியைப் படித்தார். 'இணைப்பு: மட்டி, பன்னிரண்டு. எடுத்த மாதம்: சித்திரை.'

"பேப்பர் மட்டும்தான் வாங்குவோம். இதெல்லாம் எடுத்துகினு போங்க."

"சரிங்க. இணைப்பு வாங்க மாட்டோம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

அவர் எழுதவில்லை. அப்படி எழுதித் தருகிற ஆள் எந்த ஆபீஸிலும் கிடையாது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வாளியிலிருந்து அந்தக் கெமிக்கல் டிரம்களின் நெடி அறை முழுக்கப் பரவியது. மண்ணெண்ணெயும் இன்னும் ஏதோ ஒன்றும் கலந்த நெடி. உள் அறைக் கதவு திறந்தது. அதே அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன நாத்தம் இது?"

"ஏரிங்க" என்றார் அஞ்சலை. "எம் புள்ளைங்க தின்றது."

அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் முத்திரையை மையில் ஒற்றி, எங்கள் நகலில், இணைப்பு என்ற வரிக்குக் கீழே அழுத்தினார். பெறப்பட்டது, கீழே அன்றைய தேதி. நான் அதைப் போனில் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

கம்பெனிக் குழாயில் இன்னும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. அன்று மதியம் மேடத்திடமிருந்து பதில் வந்தது. முத்திரையின் தேதியைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"மாசம் தெரியுது" என்று எழுதியிருந்தார்.